தாதியர் பார்த்தாலும் மருத்துவர் பார்த்தாலும்: மருத்துவமனைப் பராமரிப்பில் நோயாளியின் மனநிறைவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் அரசாங்க மருத்துவமனைகளுக்கும் சுகாதாரக் கிளினிக்குகளுக்கும் சென்றுவரும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. "இன்றைக்கு டாக்டரைப் பார்க்கவில்லை, மிஸ்ஸிதான் (தாதிதான்) பார்த்தார்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் பெரியவரின் குரலில் சில நாள் ஏமாற்றம் தெரிகிறது, சில நாள் நிம்மதி தெரிகிறது. இரண்டுக்கும் தகுந்த காரணங்கள் உண்டு என்பதால், இரண்டையும் ஒதுக்காமல் விளக்க முயல்கிறோம்.

தாதியர் தலைமையிலான பராமரிப்பு என்றால் என்ன? வார்டில் எப்போதும் தாதியர்தானே இருக்கிறார்கள்?

வார்டில் இரவும் பகலும் தாதியர் இருப்பதனால் மட்டும் அது தாதியர் தலைமையிலான பராமரிப்பாகிவிடாது. மருத்துவர் எழுதிவைத்ததைத் தாதி நிறைவேற்றினால் அங்கே தலைமை மருத்துவருடையது. நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, அடுத்து என்ன செய்வது, எப்போது திரும்ப வரச் சொல்வது, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவற்றை, முன்பே வகுக்கப்பட்ட நெறிமுறைக்குள் நின்று தாதியே முடிவு செய்யும் இடத்தில்தான் தலைமை அவர் கைக்கு வருகிறது.

நம் ஊரில் இதற்கு மிக நெருங்கிய உதாரணங்கள் நீரிழிவுக் கல்வி அறை, புண் கட்டும் அறை, கர்ப்பிணிப் பரிசோதனை, ரத்தச் சுத்திகரிப்பு மையம் ஆகியவை. சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் அந்த மையத்தின் நாற்காலியில் உட்காருகிறார். அந்த நேரம் முழுவதும் அவருடைய ரத்த அழுத்தத்தையும் எடையையும் ஊசி ஏறும் கையையும் கவனிப்பவர்கள் தாதியரும் மருத்துவ உதவி அதிகாரிகளும்தான். சிறுநீரக நிபுணர் இடையிடையே வந்து பார்க்கிறார். இங்குள்ள தாதியர் அடிப்படைப் பயிற்சியோடு நின்றவர்கள் அல்லர். சிறுநீரகம், நீரிழிவு, மகப்பேறு, தீவிரச் சிகிச்சை என்று தனித்துறைகளில் 'போஸ் பேசிக்' எனப்படும் மேற்பயிற்சி பெற்றவர்கள் பலர்.

இது வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்த முறையா?

பெயரும் ஆய்வும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சித் திட்டமே, தாதியர் தாமாக நோயாளிகளைப் பரிசோதித்துப் பராமரிக்கும் முறைக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஆனால் மருத்துவர் அல்லாதவரிடம் முதலில் போய் நிற்கும் பழக்கம் மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரைக் கேட்டாலும் டிரெசர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளரைப் பற்றிச் சொல்வார்கள். காய்ச்சலுக்கும் வெட்டுக் காயத்துக்கும் அவர்தான் மருந்து கொடுத்தார். பின்னர் அரசாங்கத்தின் கிராமக் கிளினிக்குகளில் சமூகத் தாதியரும் மருத்துவச்சிகளும் அந்த முதற்படியில் நின்றார்கள். இந்த நினைவுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு: தோட்டத்தில் டிரெசர் பார்த்ததற்குக் காரணம், பெரும்பாலும் அங்கே மருத்துவர் கிடைக்காததுதான். அதனால் "மிஸ்ஸி பார்த்தால் போதும்" என்று யாராவது சொன்னால், நம் முதியவர்களின் காதில் "உங்களுக்கு இது போதும்" என்று விழுகிறது. இந்த வருத்தத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. மருத்துவர் இருந்தும், தேவைப்பட்டால் உடனே அவரிடம் போகும் வழி இருந்தும், ஒரு குறிப்பிட்ட வேலையைத் தாதி சிறப்பாகச் செய்வதால் அவரிடம் அனுப்புகிறோம் என்று கிளினிக்கில் யாராவது ஒரு நிமிடம் விளக்கினாலே அந்த வருத்தம் பெருமளவு தணியும்.

யாரிடம் நோயாளிகள் அதிக மனநிறைவு அடைகிறார்கள்? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2002ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, 11 சீரற்ற ஒப்பீட்டு ஆய்வுகளையும் 23 அவதானிப்பு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது. முதல்நிலைப் பராமரிப்பில் தாதியரைப் பார்த்தவர்களின் மனநிறைவு கூடுதலாக இருந்தது. உடல்நல விளைவுகளில் வேறுபாடு காணப்படவில்லை. தாதியர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 3.67 நிமிடம் கூடுதலாகச் செலவிட்டார்கள். பரிசோதனைகளையும் கூடுதலாகச் செய்யச் சொன்னார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 18 சீரற்ற ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோதும் முடிவு ஏறக்குறைய இதேதான்: விளைவுகள் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தன, மனநிறைவு சற்றுக் கூடியிருந்தது, பார்க்கும் நேரம் நீண்டது, திரும்ப வரும் வருகைகளும் சற்றுக் கூடின.

சீரற்ற ஒப்பீடு என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். நோயாளி தானே தாதியைத் தேர்ந்தெடுத்தாலோ, எளிய நோய் உள்ளவர்களை மட்டும் தாதியிடம் அனுப்பினாலோ, அந்த மனநிறைவு தாதியால் வந்ததா நோயின் எளிமையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதனால் யார் யாரிடம் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள். இப்படிச் செய்த ஆய்வுகளுக்கு ஏன் கூடுதல் மதிப்பு என்பது இதிலிருந்தே புரியும்.

எல்லா ஆய்வும் தாதியர் பக்கமே சாயவில்லை. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதல் சந்திப்புக்குப் பின் இரு தரப்புக்கும் மனநிறைவு சமமாக இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது நான்கு கூறுகளில் ஒன்றில் மட்டும் மருத்துவர்கள் முந்தினார்கள். அதுவும் ஐந்துக்கு 4.2, 4.1 என்ற அளவில்தான். இத்தனை சிறிய வேறுபாட்டை வைத்து யாரும் யாரையும் வென்றதாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன தாதியர் பக்கச் சாய்வையும் இதே நிதானத்தோடு படிக்க வேண்டும்.

பிரசவத்தில் படம் தெளிவாக இருக்கிறது. ஒரே மருத்துவச்சியோ ஒரே சிறு குழுவோ கர்ப்பகாலம் தொடங்கிப் பிரசவம் வரை தொடர்ந்து பார்க்கும் முறையைப் பற்றி 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பு, 15 ஆய்வுகளில் 17,674 பெண்களின் அனுபவத்தைப் பார்த்தது. பெரும்பாலான ஆய்வுகளில் அந்தப் பெண்களின் மனநிறைவு கூடுதலாகவே இருந்தது. அங்கே பார்த்தவரின் பட்டத்தைவிட, அதே முகம் மீண்டும் மீண்டும் வந்தது பெரிய காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இவை கிளினிக் ஆய்வுகள்தானே? மருத்துவமனைக்குள் எப்படி?

மருத்துவமனைக்குள் சான்றுகள் சற்றுச் சிக்கலானவை. தீவிரச் சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போகும் வலிமை இன்னும் வராத நோயாளிகளைத் தாதியர் தலைமையிலான தனி வார்டில் வைத்துப் பராமரிக்கும் முறை பிரிட்டனில் ஆராயப்பட்டது. அவர்கள் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனில் சற்று மேம்பட்டே வீடு திரும்பினார்கள். ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் கூடின. படுக்கைக்குக் காத்திருப்போர் வரிசை நீண்ட ஊரில் இது லேசான விஷயமன்று.

அறுவைக்கு முன்னான பரிசோதனையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அதற்கெனப் பயிற்சி பெற்ற தாதியர் இளம் பயிற்சி மருத்துவர்களுக்குக் குறையாமல் அந்த வேலையைச் செய்ததோடு, தேவையற்ற பரிசோதனைகளைக் குறைவாகவே எழுதினார்கள்.

தாதியரிடம் மனநிறைவு கூடுவதற்குக் காரணம் அவர்கள் கூடுதல் நேரம் கொடுப்பது மட்டும்தானா?

நேரம் ஒரு முக்கியக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20 கிளினிக்குகளில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது. தாதியர் சராசரியாக 11.57 நிமிடமும் மருத்துவர்கள் 7.28 நிமிடமும் செலவிட்டார்கள். இந்த நேர வேறுபாட்டைக் கணக்கில் கழித்த பிறகும் தாதியரைப் பார்த்தவர்களின் மனநிறைவு கூடுதலாகவே இருந்தது. ஆகவே எத்தனை நிமிடம் என்பதோடு, அந்த நிமிடங்களில் என்ன பேசப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டர்வொர்த்தில் வசிக்கும் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் இனிப்பு நீருக்காகக் கிளினிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் கணினியில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்கிறார், மருந்தைக் கூட்டுகிறார், அடுத்த தேதியைக் கொடுக்கிறார். அதில் தவறு எதுவும் இல்லை. வெளியே இன்னும் பல பேர் நம்பர் வாங்கிக் காத்திருக்கிறார்கள். நீரிழிவுக் கல்வித் தாதியோ காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தோசை எத்தனை, தேநீரில் கெட்டிப் பால் ஊற்றுகிறீர்களா, ஊசியை யார் போட்டுவிடுகிறார்கள், வயிற்றில் ஒரே இடத்தில் போடுகிறீர்களா, கோயில் விரத நாளில் மாத்திரையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். மருந்தைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகும் அளவுக்கு உண்மை சில நேரம் இந்தக் கேள்விகளில் வெளிப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட மிக உயர்ந்திருந்தது. ஆதலால் இந்தப் பேச்சு நமக்கு உபசார வார்த்தையன்று, சிகிச்சையின் ஒரு பாதி.

அரசாங்கக் கிளினிக்குகளில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் இருப்பது சாதாரணம். தாதியரும் மாற்றப்படுகிறார்கள் என்றாலும், ஒரே அறையில் சில ஆண்டுகள் நீடிப்பவர்களைப் பார்க்க முடிகிறது. முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியே நோயாளியின் மதிப்பெண்ணை உயர்த்திவிடும்.

மனநிறைவை எப்படி அளக்கிறார்கள்? அந்தப் படிவங்களை நம்பலாமா?

மலேசிய மருத்துவமனைகளில் அடிக்கடி பயன்படும் முறை, பரசுராமன், ஸைதாம்ல், பெரி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட 'செர்வ்குவால்' கேள்வித்தாளை ஒட்டியது. இடமும் வசதியும், சொன்னதைச் செய்யும் நம்பகம், விரைந்து கவனிப்பது, நம்பிக்கை அளிப்பது, பரிவு என்று ஐந்து கூறுகளில் எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டு அது கணக்கிடுகிறது. எதிர்பார்ப்பே குறைவாக இருந்தால் கிடைத்தது சுமாராக இருந்தாலும் மதிப்பெண் உயர்ந்துவிடும் என்பது இதன் பலவீனம்; தோட்ட மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இன்றைய வார்டு எதுவானாலும் நன்றாகத்தான் தெரியும்.

நம்மவரிடம் இன்னொரு தடையும் இருக்கிறது. ஊசி போட்டவரின் கண்முன்னே கொடுக்கப்படும் தாளில் யாரும் குறை எழுதமாட்டார்கள். "நல்லாத்தான் பார்த்தாங்க" என்று சொல்வது நம் நாகரிகம். அதில் நன்றி இருக்கிறது, ஆனால் முழுத் தகவல் இல்லை. படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அம்மாவுக்குப் பதிலாக மகன் நிரப்புகிறார். அவர் எழுதுவது வண்டி நிறுத்தக் கிடைக்காத எரிச்சலைப் பற்றியதாக இருக்கக்கூடும். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குவதும், வீட்டுக்குப் போன பிறகு நோயாளி தம் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக் கொடுப்பதும் பெரிய உதவி என்று உறுதியாகச் சொல்வேன்.

நோயாளி திருப்தியாக இருந்தால் சிகிச்சையும் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்வது ஆபத்து. அமெரிக்காவில் ஏறத்தாழ 52,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மிக அதிக மனநிறைவு தெரிவித்தவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் செலவும் கூடியிருந்தன. இறப்பு விகிதமும் கூடியிருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் கேட்ட மருந்தையெல்லாம் கொடுப்பவர் நோயாளியை மகிழ்விக்கலாம், நலப்படுத்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கையை அது விட்டுச் சென்றது. சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவருக்கு மதிப்பெண் குறைந்தால், அந்தக் குறைவு அவருக்குப் பெருமை.

தாதியரைப் பொறுத்தவரை, அவர்கள் பேச்சின் இனிமையைவிட அவர்கள் எண்ணிக்கை உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளில், அறுவை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் 'தி லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் கண்டது. ஆகவே மருத்துவரின் வேலையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு, தாதியின் எண்ணிக்கையைக் கூட்டாமல் விடும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன். நோயாளிகளின் அந்த மனநிறைவுக்குத் தாதியர் கொடுத்த கூடுதல் நேரமும் ஒரு முக்கியக் காரணம். நேரத்தைப் பறித்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மலேசியாவில் தாதி மருந்து எழுதிக் கொடுக்க முடியுமா?

பெரும்பாலான மருந்துகளை முடியாது. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் பலவற்றுக்குப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு தேவை. சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் அதை எழுதத் தகுதியுள்ளவரின் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது: 'ஏ' நிபுணர், 'பி' மருத்துவ அதிகாரி, 'சி' மருத்துவத் துணைப் பணியாளர், 'சி+' மகப்பேற்றுப் பணியிலுள்ள துணைப் பணியாளர். தாதியரின் பதிவையும் பணியையும் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

என் மருமகளின் கர்ப்பிணிப் புத்தகத்தில் வண்ண ஒட்டு இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. தாதியர் தலைமையும் மருத்துவர் தலைமையும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள மிக நல்ல எடுத்துக்காட்டு அது. வெள்ளை என்றால் குறிப்பிடத்தக்க ஆபத்துக் கூறு இல்லை, தாதியரே தொடர்ந்து பார்க்கலாம். பச்சை என்றால் சுகாதாரக் கிளினிக்கின் மருத்துவர் பொறுப்பில் கண்காணிப்பு. மஞ்சள் என்றால் நிபுணரிடமோ மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனடியாக மருத்துவமனை. நிறம் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் மாறலாம். வெள்ளையில் இருக்கும் பெண் மருத்துவரைப் பார்க்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை; மஞ்சளுக்கு மாறியவர் "மிஸ்ஸி அன்பாகப் பேசுகிறார், இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று தங்கிவிடவும் கூடாது.

தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுகிறோம். அங்கும் தாதியைத்தான் பார்க்க வேண்டுமா?

தனியாரிடம் பொதுவாக நீங்கள் தேர்ந்தெடுத்த நிபுணரின் பெயரிலேயே சேர்க்கப்படுகிறீர்கள், தலைமை அவருடையது. அரசாங்கத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட், நிபுணத்துவக் கிளினிக்குக்கு ஐந்து ரிங்கிட் என்றிருக்க, தனியாரிடம் நிபுணர் ஒரு முறை வந்து பார்ப்பதற்கே அதைப் போலப் பல மடங்கு ஆகிறது. அதனால் அவர் வரும் அந்தச் சில நிமிடங்களே பராமரிப்பு என்று தோன்றிவிடுகிறது. அறுவைக்குப் பின் இரவு இரண்டு மணிக்கு வலி கூடும்போது யார் வந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

எப்போது "மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்" என்று வற்புறுத்த வேண்டும்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ திடீரென ஒரு பக்கம் இழுப்பது போன்றவற்றுக்கு முன்பதிவுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் கால் புண் கறுத்தாலோ, நாற்றம் எடுத்தாலோ, சர்க்கரை அடிக்கடி மிகத் தாழ்ந்தாலோ, பார்வை மங்கினாலோ, புண் கட்டும் அறையிலும் கல்வி அறையிலும் அதைச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பக் கேளுங்கள். அதே பிரச்சினைக்காகத் திரும்பத் திரும்ப வந்தும் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் கேட்கலாம். "சாயா நாக் ஜும்பா டொக்டர்" (டாக்டரைப் பார்க்க வேண்டும்) என்று மலாயில் பணிவாகச் சொன்னால் போதும். இதனால் தாதியின் மனம் புண்படும் என்று அஞ்ச வேண்டாம். தம் எல்லையை அறிந்து மருத்துவரிடம் அனுப்புவதே நல்ல தாதியின் அடையாளம்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். என்ன செய்யலாம்?

யாராவது ஒருவர் உடன் செல்வது நல்லது. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே ஆள் செல்லட்டும். தமிழ் பேசும் தாதி பணியில் இருக்கிறாரா என்று பதிவு முகப்பில் கேட்பதில் தவறில்லை. பேசி முடிந்ததும், என்ன புரிந்துகொண்டார் என்பதை அம்மா தம் வார்த்தையில் சொல்லட்டும், நீங்கள் அதைத் தாதியிடமோ மருத்துவரிடமோ மொழிபெயர்த்துச் சரிபாருங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மாதவிடாய், சிறுநீர், குடும்பத்துக்குள் நடக்கும் சண்டை ஆகியவற்றை ஒரு பாட்டி சிறுவன் வாயிலாகச் சொல்லமாட்டார்.

குறையையோ பாராட்டையோ எங்கே தெரிவிப்பது?

அரசாங்க மருத்துவமனை என்றால் முதலில் அந்த வார்டின் தலைமைத் தாதியிடம் பேசுங்கள். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கோ, சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' எனப்படும் இணையப் புகார் முறைக்கோ எழுதலாம். தனியார் மருத்துவமனைகள் நோயாளியின் குறைகளைக் கேட்பதற்கான ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் கூறுகிறது.

"சேவை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. தேதி, நேரம், வார்டு அல்லது அறை எண், யார் பார்த்தார், என்ன விளக்கினார், எது விளக்கப்படவில்லை, மருத்துவரைக் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். பாராட்டையும் இதே விவரத்தோடு எழுதுங்கள். "அந்தத் தாதி ஊசி போடும் முறையை மூன்று முறை செய்து காட்டினார்" என்ற ஒரு வரி, ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணைவிட அந்த அறையை நடத்துபவர்களுக்குப் பயன்படும்.